வியன்னாவில் யார் சமைப்பது

1

ஆஸ்திரியாவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தும் இந்த நாட்டின் தலைநகரை நான் சுற்றிப் பார்த்ததில்லை. ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் இருக்கும் லின்ஸ் நகரத்திலிருந்து வியன்னா போய்ச்சேர, கோயமுத்தூரிலிருந்து ஈரோடு போகிற நேரம்தான் ஆகும். பாஸ்போர்ட் புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போயிருக்கிறேன். ஒருமுறை ஆம்புலன்ஸில் ஒரு நோயாளியோடு போய், அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பியிருக்கிறேன். அவ்வளவுதான்.

போன வாரம் வார்டில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண், தன் மாமியாரை வியன்னாவுக்கு அழைத்துப் போக வேண்டும், என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று யோசனை கேட்டாள். "போன வருஷம் நீ பெரிய திட்டமெல்லாம் போட்டாயே, உனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள். தெரியும்தான். ராட்டினத்தில் எந்தப் பக்கம் நின்றால் நதி தெரியும், எந்தக் காப்பிக்கடையில் காப்பியோடு ஒரு தம்ளர் தண்ணீரும் வெள்ளித் தட்டில் வைத்துத் தருவார்கள், ஆப்ரிகாட் பழத்தை மாவுக்குள் வைத்து வேகவைத்த உருண்டை எந்த மாதத்தில் நன்றாக இருக்கும் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் எழுதிக்கொண்டாள். நான் அதில் ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை, வாயில் வைத்ததுமில்லை.

அந்தத் திட்டம் என்ன ஆயிற்று என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

ஆஸ்திரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த மறு வருஷம் அது. வசந்தம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் தம்பி சேவியர் காந்திபுரத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டான். கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் அவன் அப்போது லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். பின்னால் பஸ் ஹாரன் சத்தம், கண்டக்டர்கள் ஊர் பேர் சொல்லிக் கத்தும் சத்தம். அதற்கு மேல் அவன் கத்தினான்.

"அக்கா, எங்க மொதலாளியம்மா உங்கிட்டப் பேசோணுமாம். நம்பர் குடுத்திருக்கறேன். ஜெர்மனிக்கு ஏதோ கண்காட்சிக்கு வாராங்களாம். அப்பிடியே வியன்னா பார்க்கோணும்னு ஆசையாம். நீ நல்லபடியாச் செஞ்சு குடுத்துரு அக்கா. என்னைய சூப்பர்வைசர் ஆக்கறதா மொதலாளி வாயாலயே சொல்லிப்போட்டாரு."

முதலாளியம்மா என்று அவன் சொன்னது சரோஜினியை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அவர்களுடைய தென்னந்தோப்பில்தான் என் அப்பாவும் அம்மாவும் வேலை செய்தார்கள். அவளுடைய அப்பாவை நாங்கள் பண்ணாடி என்போம். என்னைவிட ஒரு வயது மூத்தவளான அவளை, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து "அம்மணிங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

அவள் கெட்டவள் இல்லை. தோப்பில் கொய்யா பறித்தால் எனக்கு ஒன்று இல்லாமல் தின்னமாட்டாள். வாய்க்கால் மேட்டில் நின்றுகொண்டு, கீழே நிற்கும் என் கைகளில் விழும்படி மேலிருந்து போடுவாள். ஒன்றைக்கூடத் தவறவிடாமல் பிடிப்பேன். அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். என் கை அவள் கையில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது என்பது, கன்னியாஸ்திரிகளின் விடுதிக்குப் போய், ஒருத்தி நீட்டிய தட்டை நான் வாங்காமல் இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு நின்றபோதுதான் விளங்கியது. அந்தக் கன்னியாஸ்திரிகள்தான் பிறகு என்னை நர்ஸிங் படிக்க இங்கே அனுப்பிவைத்தார்கள்.

சரோஜினி அடுத்த நாளே கூப்பிட்டாள்.

"பிலோமினா, நல்லா இருக்கறயா கண்ணு? எத்தன வருசமாச்சு! உன்ற கொரலு மாறவே இல்ல போ."

"நல்லா இருக்கறேனுங்க அம்மணி. நீங்க சௌக்கியங்களா?"

நாற்பது வயதைத் தாண்டிய, ஒரு வார்டையே நடத்துகிற நான், போனைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தேன். அதைக் கவனித்தவர் என் கணவர் அந்தோணி.

3

எங்கள் மகள் அனிதாவுக்கு அப்போது பதினான்கு வயது. இங்கேயே பிறந்தவள். ஊரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்பதே அவளுக்குப் பெரிய விஷயம். அவளுடைய தோழிகளுக்கெல்லாம் அத்தை, மாமா, பெரியப்பா என்று விடுமுறைக்கு ஆட்கள் வருவார்கள். எங்கள் வீட்டுக்கு யாருமே வந்ததில்லை.

நாம் மூன்று பேரும் அவர்களோடு போவோம், மூன்று நாளும் ஒன்றாக இருப்போம் என்று அவள்தான் முடிவு செய்தாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. பள்ளி நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து, வண்ணப் பென்சிலால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாதை வரைந்தாள். முதல் நாள் பெரிய தேவாலயம், அரண்மனை. இரண்டாம் நாள் ராட்டினம், நதியில் படகு. மூன்றாம் நாள் காலையில் சந்தை. அங்கே ஆலிவும் பாலாடைக்கட்டியும் கடைக்காரர்களே கூப்பிட்டு ருசி பார்க்கத் தருவார்களாம். நடுநடுவே தின்பதற்கான இடங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மாட்டுக்கறி தொடமாட்டார்கள் என்று சொன்னதும், அந்த ஊரின் பேர்போன சாப்பாட்டில் பாதியை அடித்துவிட்டாள். மிஞ்சியதில் தோசை மாதிரி மெல்லிய ஒரு பலகாரத்தைக் கண்டுபிடித்து, "இது பெரியம்மாவுக்குப் பிடிக்கும்" என்றாள்.

சரோஜினியைப் பெரியம்மா என்று அவள் கூப்பிட ஆரம்பித்ததற்கு நான்தான் காரணம். ஜெர்மன் விசா அப்போது இங்கே செல்லாது. ஆஸ்திரியாவுக்குத் தனி விசா வேண்டும். இங்கே இருக்கும் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் சுலபம் என்று அவர்களுடைய டிராவல் ஏஜெண்டு சொல்லியிருந்தார். வருகிறவர்கள் இங்கே இருக்கும்வரை சோறு, தங்குமிடம், வைத்தியம் எல்லாம் என் பொறுப்பு என்று நான் எழுதிக்கொடுக்க வேண்டும். பண்ணாடி மகளுக்குச் சோறு போடுவேன் என்று உறுதி சொல்லச் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். அனிதாவும் கூட வந்தாள்.

அதிகாரி நிமிர்ந்து பார்க்காமல், "அவர்கள் உங்களுக்கு யார்?" என்றார். தெரிந்தவர், உறவினர் என்ற இரண்டுக்கும் ஜெர்மனில் ஏறக்குறைய ஒரே ஒலிதான். நான் 'தெரிந்தவர்கள்' என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது மற்றது. அவர் எழுதிக்கொண்டு முத்திரை குத்திவிட்டார். வெளியே வந்ததும் அனிதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உறவா? நீ சொல்லவே இல்லையே!" என்றாள்.

அப்போதே திருத்தியிருக்கலாம். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விசா கிடைத்தது. திட்டத்தை அனிதா அழகாகப் படியெடுத்தாள். தபால் ஆபீஸிலிருந்து கோயமுத்தூருக்கு ஃபாக்ஸ் அனுப்பினோம். ஜூலை தொடக்கத்தில் பயணம். வியன்னாவில் சமையலறையோடு கூடிய ஒரு விடுதி வீட்டையும் பார்த்து வைத்தேன்.

4

ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம் சரோஜினி கூப்பிட்டாள்.

"திட்டமெல்லாம் நெம்ப அழகா இருக்குது கண்ணு. ஆனா மூணு நாளும் ரொட்டியவே தின்னுக்கிட்டு இருக்க முடியாது. எங்க ஊட்டுக்காரருக்கு ராத்திரிக்கு ரசஞ்சோறு இல்லீன்னா வயித்துக்கு ஆகாது."

"அதுக்கென்னங்க அம்மணி. அங்க சமையல்கட்டு இருக்குதுங்க. நான் குக்கரு, அரிசி, பொடியெல்லாம் கொண்டாந்துர்றேன். நானே செஞ்சு போட்டர்றேனுங்க."

அவள் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"நீயெதுக்குக் கண்ணு சிரமப்பட்டுக்கிட்டு? லீவுல வர்றே, புள்ளையோட ஊரச் சுத்திப் பாரு. அங்க நம்மாளுங்க யாராச்சும் இருப்பாங்கல்ல? ஈரோடு, பெருந்துறைப் பக்கத்துக்காரங்க? அவுங்க ஊட்ல ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் சொல்லி வெச்சியின்னாப் போதும். தங்கறதும் நீங்க பக்கத்துல வேற எடமாப் பார்த்துக்குங்க. தப்பா நெனச்சுக்காத, என்ன?"

"இல்லீங்க அம்மணி" என்றேன்.

ஓட்டலில் யார் சமைக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. துருக்கியர் சமைத்தாலும் செர்பியர் சமைத்தாலும் அவளுக்கு ஒன்றுதான். நான் சமைத்தால்தான் ஆகாது.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சேவியருடைய முகம் ஞாபகம் வந்தது. விசாரித்தேன். வியன்னாவில் தேவகி என்று ஒரு பெருந்துறைக்காரர் இருந்தார். அவருடைய கணவர் அங்கே ஏதோ சர்வதேச அலுவலகத்தில் பொறியாளர். கூப்பிட்டுப் பேசினேன். குரலில் அப்படி ஒரு இனிமை.

"வாங்க வாங்க, சொல்லுங்க. நம்மூரு பேச்சுக் கேட்டு எத்தன நாளாச்சுங்க! எந்தப் பக்கமுங்க நீங்க? உடுமலையா? அட, எங்க சித்தி ஊடு அங்கதானுங்க. ஊருக்குள்ளயா, தோட்டத்துலயா? யாரு ஊட்டுப் பொண்ணுங்க?"

சொன்னேன். எங்கள் தெருவின் பெயரையும், பங்குக் கோவிலின் பெயரையும்.

"ஓ. சரி சரி" என்றார். "அவுங்கள வரச் சொல்லு. எனக்கொண்ணும் சிரமமில்ல. எத்தன பேருன்னு மட்டும் முன்னாடியே சொல்லிரு."

என்னைத் திட்டவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. 'ங்க' மட்டும் உதிர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்துத் தமிழ் எவ்வளவு மரியாதையானது என்று வெளியூர்க்காரர்கள் வியக்கும்போதெல்லாம் அந்தத் தொலைபேசிப் பேச்சுத்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

5

அன்றைக்கு மாலை அனிதாவிடம் திட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்றேன். அவர்கள் இரவில் வேறு வீட்டில் சாப்பிடுவார்கள், நாம் தனியாக வேறு விடுதியில் தங்குவோம்.

"ஏன்?"

"அவங்களுக்கு அப்படி வசதி."

"நீதான் ரசம் வைப்பேன்னு சொன்னே. உன் ரசம் நல்லா இருக்கும்."

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "நம்ம கையால செஞ்சதை அவங்க சாப்பிடமாட்டாங்க, அனிதா."

"ஏன்? கை கழுவமாட்டோமா?"

பள்ளியில் அவர்களுக்கு யூதர்களுக்கு நடந்த கொடுமையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தோலின் நிறத்தைப் பற்றி அவளுக்கே தெரியும். சரோஜினியின் நிறமும் என் நிறமும் ஒன்றுதான். பேசும் மொழியும் ஒன்றுதான். பிறகு என்ன என்று ஜெர்மனில் திரும்பத் திரும்பக் கேட்டாள். தெரிந்த மட்டும் சொன்னேன். கொய்யாப்பழத்தையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆனால் அவர்கள் உறவுதானே?" என்றாள். இல்லை என்றேன். அதை மட்டும் அவள் நம்பவில்லை. அதிகாரியிடம் நான் சொன்னதை அவள் காதால் கேட்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி மணி அடித்தபோது நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அனிதா எடுத்தாள். அவளுடைய தமிழ் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பெரியம்மா, நான் அனிதா. நீ ஏன் எங்கம்மா சமைச்சா சாப்பிடமாட்டே? நீ எங்க வீட்டுக்கு வா. சாப்பிட்டுப் பாரு."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் அவளை நீ என்போம். அவளும் எங்களை நீ என்பாள். நான் அந்தோணியை மட்டும் 'நீங்க' என்பதால், அது பெண்டாட்டி புருஷனிடம் பேசும் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் குரலில் திமிர் இல்லை. உண்மையாகவே அழைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கினேன்.

"மன்னிச்சுக்கோங்க அம்மணி. புள்ளைக்குப் பேசத் தெரியாதுங்க. இங்கயே பொறந்து வளர்ந்தது, ஒண்ணுந் தெரியாதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"பெரியம்மாவா?" என்றாள் சரோஜினி. அவ்வளவு மெதுவான குரல். "உன்ற புள்ளைக்கு அப்பிடித்தான் சொல்லிக் குடுத்திருக்கறயா? நல்லாயிருக்குது பிலோமினா."

வைத்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். அனிதா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். நான் திட்டுவேன் என்று அவள் பயந்திருக்கலாம். திட்டவில்லை. ஆனால் தன் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு முதுகை வளைத்து நின்றதை அவள் பார்த்துவிட்டாள். எதிரில் ஆளே இல்லாத ஒரு முன்னறையில் ஒருவர் அப்படி வளைய முடியும் என்பதை அதற்கு முன் அவள் கண்டதில்லை.

6

அவர்கள் வியன்னாவுக்கு வந்தார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது. தேவகியின் வீட்டிலேயே தங்கியிருக்கிறார்கள். அனிதா வண்ணப் பென்சிலால் வரைந்த பாதையிலேயே தேவாலயம், ராட்டினம், படகு, சந்தை என்று எல்லாம் பார்த்திருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் கம்பெனியில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார்களாம். சேவியருக்கும் ஒன்று.

ஆகஸ்டில் அவன் கூப்பிட்டான்.

"நல்லாத் திட்டம் போட்டுக் குடுத்திருந்தியாமா. ஒரு எடங்கூட உடாமப் பார்த்தமுன்னு மொதலாளி சொன்னாரு. சூப்பர்வைசர் வேலைக்கு வேற ஆளப் போட்டுட்டாங்க. என்னைய வார்ப்புக் கொட்டாயிக்கு மாத்திட்டாங்க. மண்ணு அள்ளறேன்."

"சேவி, புள்ள வேணும்னு சொல்லலைடா..."

"அது போகுதுக்கா. அப்பாவத் தோட்டத்துக்குக் கூப்புட்டு உட்டாங்க. பெரிய பண்ணாடி களத்துல கட்டில் போட்டு உக்காந்திருந்தாராம். 'உன்ற பேத்தி என்ற புள்ளைய வா, போன்னு பேசறாளாமா?'ன்னாராம். அப்பா துண்ட எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, அவ மொகத்தைக்கூடப் பார்த்தறியாத மனுசன், அவளுக்காவ மன்னிப்புக் கேட்டுக்கிட்டு நின்னிருக்கறாரு. வேலைக்கு வந்தவங்க அத்தன பேருக்கும் முன்னால." அவன் நிறுத்தினான். "நீங்க அங்க இருந்துக்கிட்டு என்ன வேணுன்னாலும் பேசலாம். நாங்க இங்க இருக்கோணுமில்ல?"

அதுதான் அவன் என்னோடு கடைசியாகப் பேசியது. பிறகு வேலையை விட்டுவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்று கேள்வி. என் தபால்களுக்குப் பதில் இல்லை.

அன்று நான் அந்தோணியிடம் இதையெல்லாம் சமையலறையில் சொன்னபோது, அனிதா பக்கத்து அறையில் இருந்தாள். நாங்கள் தமிழில்தான் பேசினோம். அவளுக்கு எல்லாம் புரிந்தது. "நான்தானே செய்தேன்?" என்று ஜெர்மனில் கேட்டாள். நீ செய்யவில்லை என்று நாங்கள் இருவரும் சொன்னோம். அவளுடைய தாத்தா எதற்காக அங்கே போய் நிற்க வேண்டும், போகாமல் இருந்திருக்கலாமே, போலீஸுக்குச் சொல்லியிருக்கலாமே என்றாள். அந்தோணி விளக்கப் பார்த்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் தமிழ் பேசுவது நின்றுபோயிற்று. சண்டை போட்டு நிறுத்தவில்லை. நாங்கள் தமிழில் கேட்போம்; அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். கொஞ்ச நாளில் நாங்களும் களைத்துப்போய் ஜெர்மனில் கேட்க ஆரம்பித்தோம். நானும் அந்தோணியும் மட்டுமாவது ஒருநாள் வியன்னாவுக்குப் போய்வரலாமா என்று ஒருமுறை பேசினோம். பேச்சோடு விட்டுவிட்டோம்.

இந்த வருஷம் ஈஸ்டர் அன்று, இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் அப்பா கூப்பிட்டார். பூசை முடிந்து, உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பூத்துக்காரரிடம் சொல்லி நம்பர் போட்டிருக்கிறார். அவராக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மழை இல்லை என்றார். தோப்பு வேலைக்கு இப்போது போவதில்லை என்றார். களத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு, "புள்ளையக் கூப்புடு கண்ணு. அவகிட்ட ஒரு வார்த்த பேசோணும்" என்றார்.

அனிதா சோபாவில்தான் உட்கார்ந்திருந்தாள். போனை அவள் பக்கம் நீட்டினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"தூங்கறாளுங்கப்பா" என்றேன்.

"இன்னேரத்துக்கா? அங்க பொழுது இருக்குமில்ல?"

நான் அனிதாவைப் பார்த்தேன்.

"அவ பேச வேண்டாங் கண்ணு" என்றார் அப்பா. "காதுல மட்டும் வெய்யி. நானே பேசிக்கறேன்."

போனின் கயிறு எட்டும் மட்டும் இழுத்துக்கொண்டுபோய் அனிதாவின் காதில் வைத்தேன். அவள் தள்ளிவிடவில்லை. அப்பாவின் குரல் எனக்குக் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை. நடுவில் ஒருமுறை சிரித்தார் என்று நினைக்கிறேன். இருமலாகவும் இருக்கலாம். அனிதா தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையால் போனைத் தானே பிடித்துக்கொண்டாள். பிறகு லைன் போய்விட்டது. அப்போதும் அவள் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"தாத்தா என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"எனக்குத் தமிழ் தெரியாது" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.